ஒரு தட்டா, இரண்டு தட்டா

அத்தியாயம் 5

"திமிங்கிலத்தைக் காணோம்" என்றாள் வந்தவள், வாசல்படியிலேயே நின்றபடி.

அண்ணி எழுதுவதை நிறுத்தாமல் எதிர் நாற்காலியைக் காட்டினாள். "உட்காருங்க. எவ்வளவு பெரிசு?"

"ஒரு சுவர் அளவு."

"அப்ப ரொம்ப தூரம் போயிருக்காது" என்றது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல். "மாடிப்படி இறங்கவே சிரமப்பட்டிருக்கும்."

வந்தவள் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒருவன் இஸ்திரி போட்ட சட்டையைக் கசங்காமல் வைத்துக்கொள்ள நின்றுகொண்டே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"அவன் என் கொழுந்தன்" என்றாள் அண்ணி. "பேசுவான். பேசட்டும். நீங்க சொல்லுங்க."

சலவைக் கடையின் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு அவர்கள் இரண்டு பேர்தான் எல்லாம். அண்ணியை ஊரே அண்ணி என்று அழைத்தது, போலீஸ்காரர்கள் உட்பட. உண்மையில் அப்படி அழைக்க உரிமை உள்ளவன் இவன் ஒருவன்தான். வாய்த்துடுக்கால் போன இடமெல்லாம் வேலை இழந்தவனை, வாய் கொடுத்து வாய் பிடுங்க வேண்டிய தொழில் இது என்பதால் அவள் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

வந்தவள் உட்கார்ந்தாள். தோள்பையை மடியில் வைத்துக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டாள்.

"நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர். ஒரு ஜிக்சா புதிர் பட்டறையில வேலை. அங்க எல்லாரும் என்னை ஒட்டுன்னு கூப்பிடுவாங்க."

"பசை விக்கறீங்களா?" என்றான் கொழுந்தன்.

"கிட்டத்தட்ட. முதலாளிங்க அண்ணன் தம்பி. தம்பி படம் வரைவார், அண்ணன் அந்தப் படத்தை எப்படித் துண்டு துண்டா வெட்டணும்னு கோடு போடுவார். ரெண்டு பேருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர்தான், ஃபோல்டர் எல்லாம் ஒரே பொது டிஸ்க்ல. ஆனா லினக்ஸ்ல டெஸ்க்டாப்ங்கற திரை முகப்பு ஒண்ணு இல்ல, நிறைய இருக்கு. வீடு ஒண்ணு, வாசல் மட்டும் வேற வேற மாதிரி. பெரியவருக்கு ஒரு வாசல், சின்னவருக்கு இன்னொரு வாசல். ஒரு வாசலுக்காக எழுதின செயலி இன்னொரு வாசல்ல நுழைஞ்சா, மாமனார் வீட்டுக்கு முதல் தடவை போன மாப்பிள்ளை மாதிரி முழிக்கும். இங்க காப்பி எடுத்தா அங்க ஒட்டாது. இங்க வீசின குப்பை அங்க இருக்கற தொட்டியில தெரியாது. எழுத்து ஒரு அளவு, ஐகான் ஒரு ஜாடை. இதையெல்லாம் ஒத்துப்போக வைக்கறதுதான் என் வேலை."

"யார் உங்களைக் கூப்பிட்டது?" என்றாள் அண்ணி.

"ரெண்டு பேரும். தனித்தனியா. அவங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க."

"சொத்துத் தகராறா?"

"டெஸ்க்டாப் தகராறு. சின்னவர் ஒரு ஞாயித்துக்கிழமை யாரையும் கேக்காம எல்லா மிஷினையும் தன்னோட டெஸ்க்டாப்புக்கு மாத்திட்டார். திங்கக்கிழமை பெரியவர் வந்து பார்த்துட்டு, தன் பாதியைப் பழையபடி மாத்திக்கிட்டு, கூடத்துக்கு நடுவுல பிளைவுட் அடிச்சிட்டார்."

கொழுந்தன் செய்தித்தாளை மடித்தான். "அண்ணி, நம்ம வீட்ல அண்ணன் டிவி ரிமோட்டை எடுத்தப்ப நீங்க இவ்வளவு தூரம் போகல."

"ஆணி கிடைக்கல" என்றாள் அண்ணி. "திமிங்கிலம்?"

ஒட்டு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றின் சுவருக்கு ஒரு பெரிய புதிர். ஒவ்வொரு துண்டையும் குழந்தைகள் கழற்றி மாட்டலாம். படம், கடலும் அதில் ஒரு திமிங்கிலமும். சின்னவர் பல மாதம் உட்கார்ந்து வரைந்தது. நேற்று மதியம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தால் ஃபைலைக் காணோம். இன்று மாலை லாரி வருகிறது.

"நகல் இல்லையா?"

"நகல் வைக்கறதெல்லாம் பயந்தவங்க வேலைன்னு சின்னவர் சொல்லுவார்."

"இப்ப என்ன சொல்றார்?"

"நான்தான் அழிச்சேன்னு சொல்றார். பெரியவரும் அதையேதான் சொல்றார். ஏழு வருஷத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். இன்னைக்குக் கிடைக்கலேன்னா என் மேல போலீஸ்ல புகார். பட்டறையையும் ரெண்டாப் பிரிச்சிடுவாங்க. வக்கீலுக்கு போன் போயாச்சு." அவள் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நான் ஒட்ட வைக்கப் போன இடம்ங்க அது."

அண்ணி பேனாவை மூடினாள். "தம்பி, ஸ்கூட்டர் சாவி."

*

பட்டறைக்குள் நுழைந்ததுமே கருகிய மரத்தின் வாசனை மூக்கைத் துளைத்தது. லேசர் வெட்டும் இயந்திரம் பின்னறையில் வேலையில்லாமல் கிடந்தது. முன்கூடத்தை ஒரு பிளைவுட் சுவர் சரிபாதியாக அறுத்திருந்தது. கூரையில் இருந்த ஒரே விளக்குக்காக அதன் உச்சியில் பாதி வட்டமாக ஒரு வெட்டு. வெட்டு மிக நேர்த்தியாக இருந்தது. கோபத்திலும் பெரியவருக்குத் தொழில் சுத்தம்.

முதலில் சின்னவர் பக்கம். சட்டைக் கையெல்லாம் நிறக்கறை. அவர் திரையில் எதையோ மவுஸால் ஒரு முறை தட்டிவிட்டு, தாடையில் கைவைத்துக் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மீண்டும் ஒரு தட்டு. மீண்டும் காத்திருப்பு.

"பாருங்க, இதுதான் இந்தப் பொண்ணு பண்ணி வச்சிருக்கற லட்சணம்" என்றார், யார் எவர் என்று கேட்காமலே. "ஒரு மாசமா எதுவும் ஒழுங்காத் திறக்கறதில்ல. இருந்ததும் கெட்டுப்போச்சு, இப்ப என் படமும் போச்சு."

"உங்க அண்ணன் எடுத்திருப்பாரோ?" என்றாள் அண்ணி.

"அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். அந்த அளவுக்கு ரோஷம். நானும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்ல." அவர் கோபத்தில் மவுஸைப் படபடவென்று குத்தினார். ஃபைல் திறந்துகொண்டது. "இப்படி அடிச்சாத்தான் திறக்குது."

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். "அடி உதவற மாதிரி இந்தக் கம்ப்யூட்டருக்கு எதுவும் உதவாது போல."

அண்ணி சின்னவரின் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து பெரியவர் பக்கம். பென்சில்கள் உயர வரிசையில். காதிலும் ஒன்று. அவர் எழுந்து நின்று கும்பிட்டு, உட்காரலாமா என்று அவர்களையே கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க ஃபோல்டரை ஒரு தடவை பார்க்கலாமா?" என்றாள் அண்ணி.

"பார்க்கக் கூடாதுங்க." பணிவு குறையவில்லை. "நேத்து இந்தப் பொண்ணும் கேட்டுது. என் ஃபோல்டர்ல எதுக்குத் தேடணும்? நான் திருடனா?"

"சரி, வேண்டாம். உங்க கம்ப்யூட்டராவது நல்லா இருக்கா?"

"எங்கங்க நல்லா இருக்கு? இந்த ஒட்டு வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லாம் ரெண்டு ரெண்டாத் திறக்குது. பாருங்க." அவர் ஒரு படத்தை டக்டக் என்று தட்டினார். ஒரே படம் இரண்டு ஜன்னல்களில் அடுத்தடுத்து வந்து நின்றது. அவர் பொறுமையாக இரண்டாவதை மூடினார். "காலையிலேர்ந்து மூடற வேலையே சரியாப் போகுது."

"அங்க ஒண்ணும் திறக்கல, இங்க ரெண்டாத் திறக்குது" என்றான் கொழுந்தன், பின்னறைக்கு வந்ததும். "நியாயமாப் பார்த்தா இவர்கிட்ட மிச்சம் ஆகறதை அவருக்குக் கொடுத்துட்டா கணக்கு சரியாயிடும்."

அண்ணி சட்டென்று நின்றாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல. சரியாச் சொல்லிட்ட. உனக்கே தெரியாம." அவள் ஒட்டு பக்கம் திரும்பினாள். "பெரியவர் டெஸ்க்டாப்ல ஒரு ஃபைலைத் திறக்க எத்தனை தட்டு?"

"ஒண்ணு."

"சின்னவரோடதுல?"

"ரெண்டு. டக்டக்னு." ஒட்டு நெற்றியைச் சுருக்கினாள். "அதை ஒரே மாதிரி ஆக்கறதை நான் இன்னும் தொடவே இல்ல. யார் வழிக்கு யாரைக் கொண்டு வரதுன்னு பயந்து தள்ளி வச்சிருக்கேன். அப்புறம் எப்படி என்னால கெட்டுப்போகும்?"

"கெடல. இன்னொண்ணு. ஒரு ஃபைலை மவுஸால இழுத்துக்கிட்டுப் போய் வேற ஃபோல்டர்ல போட்டா என்ன ஆகும்?"

"அதுவும் வேற வேறதான். பெரியவர் பக்கம் ஒரு சின்னக் கேள்வி வரும். நகர்த்தவா, நகல் எடுக்கவான்னு. நாம சொன்னாத்தான் செய்யும். சின்னவர் பக்கம் கேள்வி எல்லாம் கிடையாது. இழுத்துப் போட்டா அப்படியே போயிடும்."

அண்ணி சிரிக்கத் தொடங்கினாள். சத்தமில்லாமல் தோள் குலுங்கும் சிரிப்பு. வெட்டும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தம்பி, எங்க அத்தை ஞாபகத்துக்கு வராங்க. 'இன்னும் கொஞ்சம் சாதம் போடவா'ன்னு கேப்பாங்க. கேக்கறதுக்குள்ள போட்டிருப்பாங்க."

"அம்மாவை இழுக்காதீங்க அண்ணி."

"ரெண்டு முதலாளியையும் இங்க கூட்டிட்டு வா."

*

கூட்டி வருவது சுலபமாக இல்லை. பெரியவர் முதலில் வந்தால் சின்னவர் வர மாட்டார்; சின்னவர் முதலில் வந்தால் பெரியவர் வர மாட்டார். கடைசியில் கொழுந்தன் இருவரிடமும் தனித்தனியே, "உங்களைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டான். இருவரும் பின்னறையின் இரு கதவுகளில் ஒரே நேரத்தில் நுழைந்து, ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"பெரியவரே" என்றாள் அண்ணி. "உங்க கம்ப்யூட்டர்ல ஒரு பழுதும் இல்ல. ஒரு தட்டுக்குத் திறக்கற இடத்துல நீங்க ரெண்டு தட்டுத் தட்டறீங்க. அதான் ரெண்டு ஜன்னல். இத்தனை வருஷம் ஒரு தட்டுத் தட்டின விரலுக்கு, ஒரு மாசமா ரெண்டு தட்டற பழக்கம் எங்கேர்ந்து வந்துது?"

பெரியவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். திரும்ப வைத்தார்.

"ரெண்டு தட்டுக்குத் திறக்கற கம்ப்யூட்டர் இந்தக் கட்டடத்துல ஒரு பக்கம்தான் இருக்கு" என்றாள் அண்ணி. "உங்க தம்பி மதியம் சாப்பிடப் போறப்ப, அவர் நாற்காலியில நீங்க உட்காரறீங்க."

சின்னவர் சுவரை விட்டுத் திரும்பினார். "பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேன். திருடன்."

"நீங்க அப்ப சொன்னது இந்தப் பொண்ணை" என்றான் கொழுந்தன்.

"நான் எடுக்கல" என்றார் பெரியவர், தரையைப் பார்த்து. "பார்க்கத்தான் போனேன். முடிக்கற வரைக்கும் காட்ட மாட்டேன்னுட்டான். கண்ணு எங்க வருதுன்னு தெரியாம எப்படிங்க கோடு போடறது? திமிங்கிலத்துக்குக் கண்ணுலதான் உயிர் இருக்கு. அதை ரெண்டா அறுத்து அந்தக் குழந்தைங்க கையில கொடுக்க முடியுமா? போன வாரமே பார்த்து, திரையில விரல் வச்சு அளந்துக்கிட்டு வந்து கோட்டை வளைச்சுட்டேன். நேத்து ஒரு நகல் எடுத்து வச்சுக்கலாம்னு என் ஃபோல்டருக்கு இழுத்தேன். நகலா, நகர்த்தவான்னு கேக்கும்னு காத்திருந்தேன். ஒண்ணும் கேக்கல. அதுக்குள்ள வாசல்ல செருப்புச் சத்தம். ஒண்ணும் நடக்கலேன்னு வந்துட்டேன்."

"நடந்தது" என்றாள் அண்ணி. "அந்தப் பக்கத்துல எதுவும் கேட்டுட்டுச் செய்யாது. திமிங்கிலம் நேத்து மதியத்துலேர்ந்து உங்க ஃபோல்டர்லதான் நீந்திக்கிட்டிருக்கு."

"என் ஃபோல்டரை நான் நேத்தே பார்த்தேனே."

"உங்க டெஸ்க்டாப்புக்கு அந்தப் பட வகை தெரியாதுங்க" என்றாள் ஒட்டு. அவள் முகம் வெளிச்சமாகிக்கொண்டிருந்தது. "படமாக் காட்டாது. வெறும் வெள்ளைத்தாள் ஐகானாத்தான் காட்டும். அதைச் சரி பண்ணத்தான் அடுத்த வாரம் உங்ககிட்ட அனுமதி கேக்க இருந்தேன்."

சின்னவர் நிமிர்ந்து நின்றார். இத்தனை வருடம் காத்திருந்த வெற்றி அவர் முகத்தில் பரவியது. "எட்டிப் பார்க்க மாட்டேன்னு சத்தியம் பண்ணின மனுஷன். என் நாற்காலியில. என் மவுஸைப் பிடிச்சுக்கிட்டு. கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?"

"கேட்டுக்கிட்டோம்" என்றாள் அண்ணி. "நீங்க ஏன் ஒரு தட்டோட நிறுத்திக்கறீங்க?"

"என்னது?"

"ரெண்டு தட்டினாத் திறக்கற கம்ப்யூட்டர்ல, ஒரே ஒரு தட்டுத் தட்டிட்டு, தாடையில கை வச்சுக் காத்திருக்கீங்க. அந்த விரல் எந்த நாற்காலியில பழகினது?"

கொழுந்தன்கூட வாயைத் திறக்கவில்லை. அது அந்த ஆண்டில் முதல் முறை.

பெரியவர் மெல்லத் திரும்பினார். தம்பியைப் பார்த்தார்.

"காலையில" என்றார் சின்னவர், சட்டைக் கையின் கறையைச் சுரண்டியபடி. "நீ வரதுக்கு முன்னாடி. உன் கோடெல்லாம் பார்ப்பேன். திரையிலேயே துண்டைச் சேர்த்துப் பார்க்கறதுக்கு நீ ஒண்ணு வச்சிருக்கியே, அதுல உட்கார்ந்தா நேரம் போறதே தெரியாது. எப்படிண்ணா துண்டோட அந்த மாட்டற குமிழை அவ்வளவு வழுவழுன்னு வளைக்கறே?"

ஏழு வருடத்துக்குப் பிறகு அந்த 'அண்ணா' வெளியே வந்தது. சொன்னவருக்கே அது தெரியவில்லை. பெரியவருக்குத் தெரிந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

*

பெரியவரின் ஃபோல்டரில் நூற்றுக்கணக்கான ஃபைல்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத்தாள் ஐகான், 'கடைசி, நிஜமாவே கடைசி' என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது. ஒட்டு தன் லேப்டாப்பில் அதைத் திறந்தாள். நீலக் கடல் விரிந்தது. அதன் நடுவே திமிங்கிலம். சின்னவர் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

"இப்ப அண்ணன் போட்ட வெட்டுக்கோட்டை இதுக்கு மேல வைக்கறேன்" என்றாள் ஒட்டு. "முதல் தடவையா ரெண்டு பக்கத்து வேலையும் ஒரே ஜன்னல்ல."

வைத்தாள்.

கோடு கடலைக் கடந்து, அலையைக் கடந்து, தேவையே இல்லாத ஓர் இடத்தில் அழகாக ஒரு வளைவு எடுத்து, நேராகப் போய்த் திமிங்கிலத்தின் கண்ணைச் சரிபாதியாக அறுத்தது.

"நான் கண்ணை விட்டு வளைச்சேனே" என்றார் பெரியவர்.

"நீ வளைச்சியா? எப்ப?"

"செவ்வாக்கிழமை மத்தியானம்."

"நான் செவ்வாக்கிழமை காலையில உன் கோட்டைப் பார்த்தேன். கண்ணு மேல போச்சு. உன் கோடு நல்லா இருந்துது, அதைக் கெடுக்க மனசு வரல. சாயங்காலம் திமிங்கிலத்தை நகர்த்திட்டேன்."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். அண்ணனின் கோடு வழி விட்ட இடத்திலிருந்து தம்பியின் திமிங்கிலம் விலகி, அந்தக் கோடு வளைந்து வந்து சேர்ந்த இடத்திலேயே போய் நின்றிருந்தது.

முதலில் யார் சிரித்தது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியவில்லை. பெரியவர் பிளைவுட்டில் சாய்ந்து சிரித்தார். சின்னவர் ஸ்டூலிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தார். ஒட்டு அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பு அடங்கிய அடுத்த நொடியே இருவரும் சண்டையை ஆரம்பித்தார்கள்.

"நான் நகர்த்திடறேன்."

"வேண்டாம், நான் வளைச்சிடறேன்."

"யாராவது ஒருத்தர் செய்யுங்க சாமி" என்றான் கொழுந்தன். "ரெண்டு பேரும் செஞ்சா மறுபடியும் குருடாயிடும்."

கடைசியில் ஒரே லேப்டாப்பின் முன் நெருக்கியடித்து உட்கார்ந்து, கண்ணையே ஒரு தனித் துண்டாக ஆக்கிவிட்டார்கள். பெரியவர் அதைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டார். சின்னவர் இமையோரத்தில் ஒரு துளி வெளிச்சம் சேர்த்தார். படம் பலகைகளில் அச்சாகி வந்தது. இயந்திரம் உறுமியது. மரப்புகை கிளம்பியது. துண்டுகள் ஒவ்வொன்றாகப் பிறந்து விழுந்தன. ஒட்டு எடுத்துக் கொடுக்க, அண்ணி ஓரம் தேய்க்க, கொழுந்தன் எல்லோருக்கும் ஓடி ஓடி டீ கொண்டுவந்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு ஓடியதில்லை.

வெயில் சாயும்போது லாரி கிளம்பியது. சுவரில் மாட்டுவதைத் தான் மேற்பார்வை பார்க்கப் போவதாகப் பெரியவர் ஏறினார். அப்படியானால் தானும் என்று சின்னவர் ஏறினார். வக்கீலுக்கு வர வேண்டாம் என்று சொல்ல இருவருமே மறந்துவிட்டதால், அவர் கோட்டோடு வந்து நின்று, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

கொழுந்தன் காலி கிளாஸ்களைப் பொறுக்கினான். கடைசி கிளாஸைத் தட்டிலிருந்து தூக்கியபோது அவன் கை அப்படியே நின்றது.

"அண்ணி."

"என்ன?"

"இந்தத் தட்டு என்னைப் பார்க்குது."

அண்ணி வந்து பார்த்தாள். வட்டமான மரத்தட்டு. அதன் நடுவிலிருந்து, டீ வளையங்களுக்குள்ளிருந்து, இமையோரம் ஒரு துளி வெளிச்சத்தோடு, திமிங்கிலத்தின் கண் அவளைச் சாந்தமாகப் பார்த்தது.

"இதை எங்கேர்ந்து எடுத்தே?"

"மிஷின் பக்கத்துல சும்மா கிடந்துது. வட்டமா வழுவழுன்னு இருந்துது. டீத்தட்டுன்னு..."

அவன் முடிப்பதற்குள் அண்ணி ஸ்கூட்டரை உதைத்துவிட்டாள். பின்னால் அவன், அவனுக்குப் பின்னால் ஒட்டு. கண்ணை நெஞ்சோடு அணைத்தபடி ஒட்டு தன் சட்டைக் கையாலேயே டீக்கறையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சந்தில் நுழைந்து, பேக்கரியைச் சுற்றி, ஒரு கல்லூரிப் பேருந்தின் வசவை வாங்கிக்கொண்டு, பெரிய சாலை சிக்னலில் லாரியைப் பிடித்தார்கள்.

அண்ணி லாரிக் கதவைத் தட்டினாள். ஒட்டு ஸ்கூட்டரில் நின்றபடி கண்ணை ஜன்னல் வழியாக நீட்டினாள். சின்னவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த படத்துக்கு ஆமை நல்லதா, ஆந்தை நல்லதா என்று அவரும் பெரியவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டதாகத் தெரியவில்லை, ஆனால் பதில் மட்டும் சரியாக வந்துகொண்டிருந்தது.

சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன. இருவரோடும் ஒரே சீட்டில் நசுங்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஸ்டீயரிங்குக்கு மேலே தலையை நீட்டி அண்ணியைப் பார்த்தார்.

"ஏறினதுலேர்ந்து வாயே மூடலம்மா" என்றார் பரிதாபமாக. "புண்ணியமாப் போகும், யாராவது ஒருத்தரை இறக்கிக் கூட்டிட்டுப் போயிடுங்க."

அண்ணி ஸ்கூட்டரைத் திருப்பினாள். "முடியாதுங்க" என்றாள். "ஒரு துண்டை எடுத்தா இன்னொரு துண்டு நிக்காது."